பேருந்து தனியாருடையதாக இருக்கலாம். வழித்தடம் மக்களுடையதாக இருக்கட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னைச் சாலைகளுக்கு வந்தன. பேருந்து தனியார் நிறுவனத்தினுடையது; ஓட்டுநரும் அந்த நிறுவனத்தின் ஆள். நடத்துநர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். டிக்கெட் காசு கழகத்துக்குச் சேரும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும். அதே மாதம் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் வேறு வகை. அங்கே கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. வசூல் உரிமையாளருக்குப் போகிறது.

இரண்டிலும் தனியார் இருக்கிறார்கள். ஆனால் நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

வசூலை நம்பி ஓடும் பஸ் எப்படி ஓடும் என்பது கோவை, சேலம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் கிடைக்கும். அதற்காகவே காதைப் பிளக்கும் ஏர் ஹாரன். பேருந்து நிலையத்தில் இரண்டு நிமிடத்துக்காக 'டைமிங்' தகராறு. இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவர் அரசுப் பேருந்து வரும்வரை நிற்க வேண்டும். இரவு ஆள் குறைந்தால் கடைசி டிரிப் ரத்தாகும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. பேட்டாவை வசூலோடு கட்டிவைத்தால் யார் ஓட்டினாலும் இப்படித்தான் ஓட்டுவார்கள்.

டெல்லி இதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தது. 1992இல் அங்கே தனியார் 'ரெட்லைன்' பேருந்துகள் அனுமதிக்கப்பட்டன. விபத்துகளால் மக்கள் கொதித்தபோது நீல வண்ணம் அடித்து 'புளூலைன்' ஆக்கினார்கள். நிறம் மாறியது, பந்தயம் ஓயவில்லை. 2007இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தப் பேருந்துகளால் இறந்தனர். பிறகு அவற்றைப் படிப்படியாக விலக்கிவிட்டு, கிலோமீட்டருக்குப் பணம் தரும் 'கிளஸ்டர்' முறைக்கு மாறினார்கள். அதிலும் பேருந்து தனியாருடையதுதான். பயணியைப் பிடிக்க ஓட வேண்டிய தேவை மட்டும் போய்விட்டது.

பிரிட்டன் 1986 அக்டோபரில் லண்டனைத் தவிர்த்த இங்கிலாந்துப் பகுதிகளில் எந்த வழித்தடம், என்ன கட்டணம் என்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது. லாபம் தராத மாலை நேர, ஞாயிறு சேவைகளைக் காப்பாற்ற உள்ளாட்சிகள் மானியம் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனிலும் தனியார்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் வழித்தடத்தையும் கட்டணத்தையும் நகர நிர்வாகம் கையில் வைத்துக்கொண்டது. அங்கே பயணிகள் பெருகினர், மற்ற ஊர்களில் குறைந்தனர். 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் கிரேட்டர் மான்செஸ்டர் தன் பேருந்துகளை மறுபடி பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

அரசுக் கழகங்களில் குறை இல்லையா? உண்டு. மழைக்கு ஒழுகும் கூரை, நடுவழியில் நிற்கும் பழைய வண்டி, நிலுவைக்காகப் போராடும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். இருந்தும் 1972இல் தனியார் பேருந்துகளில் பல நாட்டுடைமையானதால்தான் வசூல் தேறாத குக்கிராமத்துக்கும் பஸ் போனது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை உடனே தொடங்க முடிந்ததும், அந்தப் பேருந்துகள் அரசிடம் இருந்ததால்தான். பூ விற்கும் அம்மாவுக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும் அது மாத வருமானத்தில் மிஞ்சும் காசு.

ஆகவே கோரிக்கைகள் இவை. நகரங்களில் வசூல் அடிப்படையிலான பெர்மிட்டுகளைப் பெருக்காதீர்கள். தனியார் பேருந்து தேவைப்பட்டால் கிலோமீட்டர் ஒப்பந்தம் போதும். ரத்தாகும் ஒவ்வொரு டிரிப்புக்கும் அபராதம் வேண்டும். ஒப்பந்த ஓட்டுநரின் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் கழகமே கண்காணிக்க வேண்டும். மினி பஸ்களில் இரவுக் கடைசி டிரிப்பைக் கட்டாயமாக்கி, அதன் நட்டத்தை அரசு ஏற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: கிலோமீட்டர் விலை, அபராத விதி, ஒப்பந்தக் காலம் அனைத்தையும் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் முழுமையாக வையுங்கள்.