நீ எந்த வரிசை?

புதன்கிழமை மத்தியானம் முதல் மணி அடித்தால் எங்கள் வகுப்பு ரெண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞான உபதேசத்துக்கு ஒரு வரிசை. மற்றவர்கள் நீதிபோதனைக்கு ஒரு வரிசை. தருமபுரி மாவட்டத்தில் சபையார் நடத்துகிற ஒரு பெண்கள் பள்ளி அது. பேர் வேண்டாம். 2003இல் நான் எட்டாம் வகுப்பு. ரெண்டு வரிசைக்கும் நடுவே நாங்கள் ஏழெட்டுப் பேர் முழித்துக்கொண்டு நிற்போம். எல்லாரும் சேரிப் பிள்ளைகள். கோயிலில் எங்களுக்கு ஞானஸ்நானப் பேர் உண்டு. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பேர், அதற்குப் பக்கத்தில் 'இந்து - ஆதிதிராவிடர்'.

"நீ எந்த வரிசைடி?" என்பார் சிஸ்டர். உபதேச வரிசையில் நின்றால், "ரிஜிஸ்டர்ல இந்துன்னு இருக்கே, இன்ஸ்பெக்ஷன் வந்தா யாரு பதில் சொல்றது? அந்தப் பக்கம் போ" என்பார். நீதிபோதனைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் பிடித்துக்கொள்வார்: "உபதேசத்துக்கு வர்றதில்லயாமே, புதுநன்மை வாங்கினவதானே நீ?" பதின்மூன்று வயசுப் பிள்ளை ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் 'இந்து' என்று எழுதச் சொன்னது யார்? எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவருக்கு யோசனை சொன்னவர் அதே சாமியார்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று சொல்லிவிட்டது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் வாசலுக்கு வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குச் சில கல்விச் சலுகைகள் உண்டு. ஆனால் 18 சதவீத ஒதுக்கீட்டில் இடமில்லை, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் முட்டி மோத வேண்டும். ஊர்த்தெருக்காரன் அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் பக்கம் வராது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்தா அடிக்கிறான்?

அந்த வருசம் தவக்காலத்தில் பேதுரு மறுதலித்த கதையை நடத்தினார்கள். சேவல் கூவுவதற்குள் மூன்று தரம், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று பேதுரு சொல்லிவிடுகிறார். அப்புறம் வெளியே போய் மனங்கசந்து அழுகிறார். "நீங்க யாரும் அப்படி மறுதலிக்கக் கூடாது" என்று டீச்சர் முடித்தார். ஜூன் மாதம் உதவித்தொகைப் படிவம் வந்தது. மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அதே டீச்சர்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் எழுதினேன். வருசா வருசம் எழுதினேன். மூன்று தரத்தோடு பேதுருவுக்கு விட்டது, எனக்கு விடவில்லை.

இப்போது இது சின்னப்பிள்ளைக் கதை இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதே செய்யும் மோசடி என்று தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் வாங்கியதும் கோயிலுக்குப் போய்வருவதும்தான் அங்கே சாட்சி. அப்படியானால் ஞான உபதேச வகுப்பின் வருகைப் பதிவேடு நாளைக்கு என்னவாகும்? எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எந்த வரிசையில் நின்றாள் என்பது இருபது வருசம் கழித்து அவள் வேலைக்கு உலை வைக்கலாம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை எடுத்துவிடச் சொல்லியது. எடுக்கவில்லை. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள், தவணைக்கு மேல் தவணை நீட்டினார்கள். என் சான்றிதழில் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

சரி, வரிசையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் என்ன கிடைத்தது? இதைத்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும்.

எங்கப்பாவும் அம்மாவும் தை மாசம் செங்கல் சூளைக்குப் போனால் மழைக்குத்தான் திரும்புவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கழித்தாக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்து, அச்சில் அடித்து, வரிசை போட வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. திடீர் மழையில் கரைந்துபோன கல் கணக்கில் வராது. சனி ஞாயிறு நானும் போய்க் கல் திருப்பிப் போட்டிருக்கிறேன். இந்தக் கையோடுதான் நான் மோசேயின் கதையைக் கேட்க உட்கார்ந்தேன். எகிப்தில் அடிமைகள் செங்கல் அறுக்கிறார்கள். பார்வோன் வைக்கோல் தருவதை நிறுத்திவிடுகிறான். வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், கல்லின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்கிறான். கணக்குக் குறைந்ததும் மேற்பார்வையாளர்களுக்கு அடி விழுகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க சூளைக்காரனை இந்த ஆள் எங்கே பார்த்தான் என்று இருந்தது. எழுந்து நின்று, "டீச்சர், எங்கப்பாவுக்கும் இப்டித்தான். கணக்குக் கொறஞ்சா மேஸ்திரி திட்றாரு" என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "இது ஆன்மிகப் பாடம்மா. எகிப்துன்னா பாவ வாழ்க்கை. பார்வோன்னா சாத்தான்."

அப்போ மேஸ்திரி? நான் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பரீட்சையில் பத்து வாதைகளையும் வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார்கள். பத்துக்குப் பத்து வாங்கினேன். பின்னால் எம்.ஏ. படிக்கும்போது, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு அடியில் கிடக்கிற சொல்லைப் பெயர்த்து எங்கோ தொலைவிலுள்ள அடியில் கொண்டுபோய் மாட்டுவதைப் பார்த்தபோது எனக்கு அந்த டீச்சர் ஞாபகம் வந்தது. அவராவது சொல்லைத்தான் இடம் மாற்றினார். இங்கே அடிமையையே இடம் மாற்றிவிட்டார்கள். சூளையிலிருந்து தூக்கி ஆன்மாவுக்குள் வைத்துவிட்டார்கள்.

1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அந்த நூலின் பெயர் 'விடுதலைப் பயணம்'. பழைய பெயர் 'யாத்திராகமம்'. யாத்திரை போய் விடுதலை வந்தது. நல்ல மாற்றம்தான், மொழிபெயர்த்தவர்கள் ஏதோ உணர்ந்துதான் செய்திருக்கிறார்கள். எங்கள் கையில் இருந்தது அந்தப் புதிய புத்தகம்தான். அட்டையைத் தாண்டி விடுதலை உள்ளே வரவில்லை.

நடத்தாமல் விட்டதைச் சொன்னால் அது தனிப் பட்டியலாகும். ஆடு மேய்த்த, காட்டத்தி மரம் பார்த்துக்கொண்ட ஆமோஸ் என்ற மனிதர், ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்கிறார்களே என்று கொதிக்கிறார். திருவிழாவும் பாட்டும் வேண்டாம், நியாயம் எங்கே என்கிறார். செருப்பு என்றதும் எங்கள் மாவட்டத்துச் சக்கிலியர் பிள்ளைக்கு அதில் பேச எவ்வளவு இருக்கும்! பிலமோனுக்கு எழுதிய கடிதம் இருபத்தைந்தே வசனம். ஓடிப்போன அடிமையை அடிமையாக அல்ல, சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்று பவுல் அவனுடைய எஜமானனுக்கு எழுதுகிறார். பவுல் அடிமைமுறையையே ஒழிக்கச் சொல்லவில்லை என்று வாதாடலாம். வாதாடட்டும், வகுப்பு என்றால் அதுதானே? மரியாளின் பாட்டை சிஸ்டர்கள் தினமும் மாலைச் செபத்தில் பாடுகிறார்கள். வலியவர் ஆசனத்திலிருந்து விழுகிறார்கள் அதில், பணக்காரர் வெறுங்கையோடு போகிறார்கள். ஐந்து வருசம் விடுதியில் இருந்து கேட்டேன். ராகம் மட்டும்தான் காதில் விழுந்தது. கீழ்ப்படிதல் பற்றிய வசனங்கள் மட்டும் ஒன்று விடாமல் மனப்பாடம்.

சபைக்குள் இருக்கும் சாதியைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரி நான் படித்ததில்லை. வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910இல் இடிபட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தும், 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்குத் தாக்கப்பட்டார்கள், கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. ஆயர்கள் ஒத்துக்கொண்டதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மறைப்பானேன்?

2012 நவம்பர் 7. எங்கள் மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளை எரித்தார்கள். இருநூற்றைம்பது வீட்டுக்கு மேல். சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒரு ஜோடி அதற்குச் சாக்கு. அடுத்த ஞாயிறு நான் போன கோயிலில் பிரசங்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி. நவம்பர், ஆன்மாக்களின் மாதம். ஆன்மாக்கள் நெருப்பில் வேகிற வேதனையைச் சாமியார் உருக்கமாக விவரித்தார். கொஞ்ச தூரத்தில் சாம்பல் இன்னும் ஆறவில்லை. முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானம் எங்களோடு பாய், பாத்திரம் தூக்கிக்கொண்டு நத்தத்துக்கு வந்த ரெண்டு சிஸ்டர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருத்தர் வழியெல்லாம் பேசவே இல்லை.

இதையெல்லாம் நான் எழுதுவதைப் பார்த்து, 'பார்த்தாயா, பைபிள் வகுப்பு வேண்டாம் என்கிறாள்' என்று கைதட்ட ஒரு கூட்டம் காத்திருக்கும். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2022 ஏப்ரலில் பெங்களூரு கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் பைபிள் கொண்டுவர பெற்றோர் ஆட்சேபிப்பதில்லை என்று எழுதி வாங்கியதாகச் சொல்லி இந்து அமைப்புகள் பிரச்சினை கிளப்பின. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் ஒருவர் சம்மதமில்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல், மதப் போதனைக்கு உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 28ஆம் பிரிவு சொல்கிறது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சம்மதம் என்றால் சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அரசுப் பள்ளியில் ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வைத்துக் கும்பிடும்போது யாராவது சம்மதம் கேட்டார்களா? மதமாற்றம் மதமாற்றம் என்கிறார்கள். எங்கள் பள்ளியின் ஞான உபதேச வகுப்பு ஒருத்தியைக்கூடக் கிறிஸ்தவளாக்கவில்லை. கிறிஸ்தவளாகப் பிறந்த எங்களைக் கிறிஸ்தவளாக இருக்கவும் அது விடவில்லை.

இந்தச் சண்டை பழையது. 1846இல் சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு அரசுப் பள்ளிகளில் பைபிளை வைக்கலாம் என்று எழுதினார். கஜுலு லட்சுமிநரசு செட்டியும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். கம்பெனி இயக்குநர்களும் ஒப்பவில்லை. பொதுப்பணத்தில் ஒரு மதப் போதனை கூடாது என்ற அளவில் செட்டியார் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்த வாதப்பிரதிவாதத்தில் சேரிப் பிள்ளை எங்கே? அதற்குச் சில வருசம் முன்னால், 1830களின் கடைசியில், ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் சென்னைப் பள்ளியில் பறையர் வீட்டுப் பையன்கள் சேர்ந்திருப்பது தெரிந்ததும் சாதிப் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள். பையன்களை நீக்க ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பின்னால் அதுதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. பள்ளி காலியானாலும் பரவாயில்லை என்று நின்ற அந்தப் பாதிரியாரின் வாரிசுகள், இன்றைக்கு முன்வரிசை முகம் சுளிக்குமே என்று பாடத்தைச் சுருக்குகிறார்கள். கிறிஸ்தவக் கல்வித் தொண்டில் பெரும்பங்கு சாதி இந்துக்களுக்கே போகிறது என்று அம்பேத்கர் 'மதம் மாறியவரின் நிலை' பற்றி எழுதியபோதே கணக்குக் கேட்டிருக்கிறார்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. இப்படிப்பட்ட ஊரில் சபைப் பள்ளியில் ஒரு இடம், விடுதியில் ஒரு பாய் என்பது சின்ன விஷயம் இல்லை. அங்கே போகாவிட்டால் நானும் சூளையில் கல் அடித்துக்கொண்டிருப்பேன். அதற்காக வாயை மூடிக்கொள் என்றால் அது வேறொரு முன்பணம். பாமாவின் 'கருக்கு' 1992இலேயே மடத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டது. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. சிலுவை கடைசியில் இந்துவாக மாறித்தான் தீர வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இந்தப் புத்தகங்களை ஆய்வு செய்கிறார்கள். சபைப் பள்ளி நூலகத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

என் அண்ணன் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறொரு சபைப் பள்ளி. போன மாசம் விடுமுறைக்கு வந்தவள் நோட்டைக் காட்டினாள். பத்து வாதைகள், அதே வரிசையில். "அத்தை, என்னை ரெண்டு வகுப்புலயும் பேர் எழுதல. அந்த நேரத்துல லைப்ரரியில உக்காரச் சொல்றாங்க" என்றாள். பிரச்சினை வராமல் இருக்க நிர்வாகம் கண்டுபிடித்த வழி இது. எங்கள் காலத்தில் நடுவே நின்றோம், இப்போது நடுவே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது பெற்றோர் பதினாறு பேர் நிர்வாகியைப் பார்க்கப் போகிறோம். கேட்கப்போவது இவைதான். பதிவேட்டை வைத்து வகுப்பைப் பிரிக்கக் கூடாது. விரும்பிய பிள்ளை எந்த வகுப்பிலும் உட்காரட்டும், விரும்பாத பிள்ளைக்குக் கட்டாயம் கூடாது. அந்த வகுப்புக்கு வருகைப் பதிவேடே வேண்டாம். சம்பளம் அரசு தருகிறது, ஆளை நியமிப்பது நீங்கள்: இந்த முப்பது வருசத்தில் எத்தனை தலித் ஆசிரியரை நியமித்தீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். மூன்றாம் பத்தியை எதிர்த்து வருசத்துக்கு ஒரு நாள் கறுப்புக்கொடி ஏற்றுகிறீர்களே, அதை ஏன் ஏற்றுகிறோம் என்று அந்த வகுப்பிலேயே நடத்துங்கள். பாடத்தில் வைக்கோல் இல்லாத செங்கல் வரும்போது, சூளைக்குப் போய் வந்த ஒரு அப்பனையோ அம்மாவையோ கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். எங்கப்பா வரத் தயார். மத்தியானப் பீரியட் என்றால் மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், சூளையில் லீவு கேட்க வேண்டியிருக்கும்.