வேருக்கு வழி சொன்னது யாரு?

வேர் ஏன் கீழே போகுதுன்னு ஒரு பிள்ளை கேட்டா நம்மகிட்ட ரெடிமேடா ஒரு பதில் இருக்கு: "அதுக்குப் பேரு புவிநாட்டம்." முடிஞ்சது கதை. பிள்ளையும் மனப்பாடம் பண்ணி ஒரு மார்க் வாங்கிடும். என்னைக் கேட்டா இது பதிலே இல்லை மக்களே. கேள்விக்கே இன்னொரு பேரு வெச்சுத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதே கேள்விக்காக இங்கிலாந்துல தாமஸ் ஆண்ட்ரூ நைட் ஒரு சக்கரமே செஞ்சார். தோட்டத்து ஓடைத் தண்ணியில சுத்துற சக்கரம். அதுல முளைவிடுற விதைகளைக் கட்டி வெச்சார். வேகமா சுத்தினதுல வேரெல்லாம் வெளிப்பக்கமா வளர்ந்துச்சு, தண்டெல்லாம் நடு அச்சைப் பார்த்து வளர்ந்துச்சு. ராட்டினத்துல நம்மள வெளியே தள்ளுமே, அந்த விசைக்கு வேர் திரும்பிச்சு. 1806லயே அதை எழுதி வெச்சுட்டார்.

சரி, விசையை எப்படி உணருது? 1900ல் ஹேபர்லாண்ட், நெமெக் ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே யோசனையைச் சொன்னாங்க. சில செல்களுக்குள்ள கனமான மாவு மணிகள் இருக்கு. செடியைச் சாய்ச்சா அதெல்லாம் சரிஞ்சு புதுசா கீழாகிற பக்கத்துல போய் உக்காரும்.

காரான்னு ஒரு பாசி. குளத்துல வளரும். அதுக்கு நிஜ வேர் கிடையாது, வேர் மாதிரி ஒத்தைச் செல் இழைதான். அதுக்குள்ள மாவுக்குப் பதிலா பேரியம் சல்பேட் படிகங்கள்! வயித்து எக்ஸ்ரேக்கு முன்னாடி குடிக்கச் சொல்வாங்களே, அந்த வெள்ளைக் கரைசல்ல இருக்கிற அதே சரக்கு. படிகம் சரிஞ்ச பக்கம் வளர்ச்சி குறையும், எதிர்ப்பக்கம் வளரும், இழை கீழே வளையும். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை.

விஷயம் அதோட முடியலை. 1989ல் மாவே இல்லாத அராபிடாப்சிஸ் செடியைச் சோதிச்சா, அதுவும் மெதுவா வளையுது! அப்புறம் 2023ல் வந்த ஆய்வுகள்ல இன்னொரு துப்பு கிடைச்சது. மணிகள் மேல ஒட்டியிருக்கிற லேஸி புரதங்கள், மணி சரிஞ்ச பக்கத்துச் செல் சவ்வுக்குத் தாவுது. ஆக்சின் அந்தப் பக்கம் போகுது. வேர்ல அது வளர்ச்சியைத் தடுக்கும், தண்டுல வளர்ச்சியைத் தூண்டும். அதான் ஒண்ணு கீழே, இன்னொண்ணு மேலே.

இருநூறு வருஷத்துக்கு மேல மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வியை நாம ஒரே வார்த்தையில மூடிடுறோம்.

பள்ளிப் பிள்ளைக்கு இவ்வளவு எதுக்குன்னு கேட்பீங்க. லேஸி புரதம் வேண்டாம்தான். சக்கரமும் சரியிற மணியும் போதும். அதுக்கும் முன்னாடி, ஈரப் பஞ்சுல முளைச்ச பாசிப்பயறை வேர் படுக்கையா இருக்கிற மாதிரி திருப்பி வைக்கச் சொல்லுங்க. மறுநாள் வேர் வளைஞ்சிருக்கும். "இதுக்கு எப்படித் தெரிஞ்சது?"ன்னு பிள்ளையே கேட்கட்டும். பேரை அப்புறம் சொல்லிக்கலாம்.

வாத்தியார் பதிவர்கள் யாராவது இருந்தா சண்டைக்கு வாங்க :-)