முன்னால் வரும் 'இன்'னும் பின்னால் வரும் 'இல்'லும்



மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும் நம்மில் பலருக்குப் பொதுவான ஒரு பயம் உண்டு. அதன் பெயர் ஆங்கிலம். கணக்கில் அரியர் வைத்தவனைக் கேட்டால், "அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்பான். ஆங்கிலத்தில் அரியர் வைத்தவனைக் கேட்டால், "நமக்கு அது வராதுடா" என்பான். இந்த 'வராது' என்ற வார்த்தையைப் பற்றித்தான் நம் பேரவை மலரில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

வார்த்தை தெரியாததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணு என்ற அறிவுரையும் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் போகிறார். அம்மா மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கிறார். வீட்டில் ஆங்கிலம் என்பது மருந்துச் சீட்டில் மட்டும்தான். ஆனாலும் ஜாப் என்றால் தெரியும், மெஷர் என்றால் தெரியும், மோஷன் என்றால் தெரியும். லேத் பக்கத்தில் நிற்கிற நம் எல்லோருக்கும் தெரியும். "டூ நாட் மெஷர் த ஜாப் வைல் இன் மோஷன்" என்று சேர்த்து எழுதினால்தான் இடிக்கிறது. 'வைல்', 'இன்' என்று இரண்டு குட்டிச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றனவே, அங்கேதான் தடுக்குகிறது.

'வைல்' என்பது கன்ஜங்ஷன். 'இன்' என்பது ப்ரிபொசிஷன். இரண்டுக்கும் தனித்தனியே டெஃபனிஷன் எழுதச் சொன்னால் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். ஒன்றின் பின்னால் இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

கொஞ்சம் பொறுமையாக நம்ம ஊர் பெயரையே வைத்துப் பாருங்கள். "பெரம்பலூரிலும் அரியலூரிலும் மழை" என்கிறோம். மாவட்டம் 2007-ல் இரண்டாகப் பிரிந்தாலும் இந்த 'உம்' நம்மைச் சேர்த்தே வைத்திருக்கிறது! 'அரியலூரிலும்' என்ற சொல்லைப் பிரித்தால் அரியலூர், இல், உம். முதலில் பெயர், அடுத்து வேற்றுமை உருபு, கடைசியில் சேர்க்கிற 'உம்'. இதையே ஆங்கிலத்தில் சொன்னால் "அண்ட் இன் அரியலூர்". முதலில் சேர்க்கிற சொல், அடுத்து 'இன்', கடைசியில் பெயர். கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ்!

'வைல் இன் மோஷன்' என்பதும் இதே கணக்குத்தான். "ஓட்டத்தில் இருக்கும்போது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஓட்டம், இல், இருக்கும், போது. இதைப் பின்னாலிருந்து படித்தால் வைல், இன், மோஷன். நடுவில் 'இருக்கும்' மட்டும் காணோம். "வைல் இட் இஸ் இன் மோஷன்" என்ற முழு வாக்கியத்தில் 'இட் இஸ்' என்பதை ஆங்கிலம் விழுங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். 'வென் இன் யூஸ்', 'இஃப் இன் டவுட்', 'வென் அண்டர் ப்ரெஷர்' எல்லாம் ஒரே குடும்பம். கன்ஜங்ஷனுக்குப் பின் ப்ரிபொசிஷன் வந்து, அந்தச் சொற்றொடர் அதோடு முடிந்துவிட்டால், நடுவில் எதையோ விழுங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

முடியாமல் தொடர்ந்தால் அது வேறு வகை. "இஃப் இன் எ சர்க்யூட் த ரெசிஸ்டன்ஸ் இன்க்ரீசஸ்" என்று வந்தால், 'இன் எ சர்க்யூட்' என்பது இடத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். உண்மையான எழுவாய் அதற்குப் பின்னால் வருகிற ரெசிஸ்டன்ஸ். இஃப்-ஐ அடுத்து வருகிற முதல் பெயர்தான் எழுவாய் என்று படித்தால் அர்த்தமே மாறிப்போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். 'பிகாஸ்' இந்த விழுங்குகிற வேலைக்கு ஒத்துவராது. "ஹீ இஸ் ஆப்சென்ட் பிகாஸ் இன் ஹாஸ்பிட்டல்" என்று எழுதினால் மார்க் போகும். அங்கே 'ஹீ இஸ்' கட்டாயம் வேண்டும்.

"இதெல்லாம் இரண்டு மார்க் விஷயம், இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு மார்க் விஷயம் இல்லை நண்பர்களே. டிப்ளமோ முடித்தால் நாம் போகப்போவது பெரும்பாலும் பிளான்ட்டுக்கும் சப்ஸ்டேஷனுக்கும்தான். அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. கிரஷர், கன்வேயர், கில்ன் என்று பெரிய பெரிய இயந்திரங்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-வது பிரிவுக்கு வைத்த தலைப்பையே பாருங்கள்: "வொர்க் ஆன் ஆர் நியர் மெஷினரி இன் மோஷன்". 'ஆன்', 'ஆர்', 'நியர்' மூன்றும் வரிசையாக நிற்கின்றன. எதன் மேல், எதன் அருகில் என்பது கடைசியில்தான் வருகிறது. தமிழில் "ஓடும் இயந்திரத்தின் மேலோ அருகிலோ" என்று பெயரை முதலில் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பழகாதவன் பாதியிலேயே படிப்பதை விட்டுவிடுவான்.

இதைவிட ஆபத்தான ஓர் உதாரணம் சொல்கிறேன். "டூ நாட் டச் த விக்டிம் வைல் இன் கான்டாக்ட் வித் த லைவ் வயர்" என்று ஒரு போர்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது யார்? ஷாக் அடித்துக் கிடப்பவரா, காப்பாற்றப் போகிற நாமா? விழுங்கப்பட்ட சொல் 'யூ'வா, 'ஹீ இஸ்'-ஸா? அவர் கம்பியில் இருக்கும்போது நாம் தொடக்கூடாது, முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும் என்பதுதான் பொருள். நாம் கம்பியைத் தொடாமல் இருந்தால் போதும் என்று ஒருவன் மாற்றிப் படித்தால் போவது மார்க் இல்லை, உயிர்!

விழுங்கிய எழுவாயை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கான சாவி நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. "ரவி வந்து உட்கார்ந்தான்" என்றால் வந்தவனும் உட்கார்ந்தவனும் ஒருவனே. "மழை பெய்ய, பயிர் விளைந்தது" என்றால் பெய்தது வேறு, விளைந்தது வேறு. எந்த வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும், எது பிறிதின் வினையைக் கொள்ளலாம் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் அன்றே பேசியிருக்கின்றன. ஆங்கிலத்தில் விழுங்கப்பட்ட எழுவாய், முறைப்படி பார்த்தால், மெயின் வாக்கியத்தின் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும். 'வந்து' மாதிரி. "வைல் ஆன் டியூட்டி, த வாட்ச்மேன் ஸ்லெப்ட்" என்றால் டியூட்டியில் இருந்தவரும் தூங்கியவரும் அந்த வாட்ச்மேனேதான். ஆனால் போர்டு எழுதுகிறவர்கள் இந்த முறையைப் பல நேரம் மீறுகிறார்கள். அப்போது பொருளைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். இது புரிந்தவனுக்கு எந்த மேனுவலும் பூச்சாண்டி காட்டாது.

இங்கேதான் என் முக்கியமான கருத்து வருகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பேசிப் பழக அது உதவலாம். ஆனால் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று விளக்கும்போது தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது, கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு விரலால் நட்டைத் திருகுவதற்குச் சமம்.

இதற்குச் சாட்சியாக ஒருவர் நம் மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார். இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் இந்தியாவுக்கு வந்த பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கி மாதா கோயில் கட்டியவர் அவர்தான். அவருடைய தாய்மொழியில் ஆங்கிலத்தைப் போலவே ப்ரிபொசிஷன் முன்னால் வரும். முப்பது வயதில் அவர் எதிர்த்திசையில் நடந்து வந்திருக்கிறார். நமக்கு 'இன்' தலைகீழ் என்றால், அவருக்கு 'இல்' தலைகீழ்! அப்படிப்பட்டவர் சதுரகராதியும், தொன்னூல் விளக்கமும், தேம்பாவணியும் எழுதினார். தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரியார்களுக்காக அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? லத்தீனில்! அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. கற்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில் புது மொழியை விளக்கினார். கற்றறிந்த ஐரோப்பியர்களுக்கே அந்த வசதி தேவைப்பட்டது என்றால், பெரம்பலூர் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற நமக்குத் தேவைப்படாதா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, வாரத்துக்கு ஒரு ஆங்கில வகுப்பிலாவது வொர்க்‌ஷாப் போர்டுகளையும் மெஷின் மேனுவல்களையும் எடுத்துவைத்துத் தமிழோடு ஒப்பிட்டு நடத்த வேண்டும். இரண்டு, நம் வொர்க்‌ஷாப்பில் புதிதாகப் போர்டு எழுதும்போது 'இட் இஸ்' என்பதை விழுங்காமல் முழுசாக எழுத வேண்டும். பக்கத்திலேயே தமிழிலும் எழுத வேண்டும். பெயின்ட் செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மூன்றாவது வேண்டுகோள் நமக்கே. நீளமான வாக்கியம் வந்தால் கைடைத் தேடாதீர்கள். கன்ஜங்ஷனைக் கண்டதும் நில்லுங்கள். அதன் பின்னால் ப்ரிபொசிஷன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டைக் கடைசியிலிருந்து தமிழில் படியுங்கள். விழுங்கப்பட்டது யார், எது என்று கேளுங்கள். பத்து நாள் இப்படிச் செய்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

நம் அப்பா அம்மாவுக்குக் கிடைக்காத படிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் பேசிய தமிழையும் சேர்த்தேதான் நாம் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறோம். அது நமக்குச் சுமை அல்ல, முதல். அந்த முதலைப் போட்டு ஆங்கிலத்தைச் சம்பாதிப்போம். 'வராது' என்ற வார்த்தையை இந்த ஆண்டோடு தள்ளுபடி செய்வோம்!