இங்கே சமத்துவம் வேண்டாம்

ஈப்போவில் பழைய ஆம்ப் வாங்கி விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த உபதேசம் சீக்கிரமே வந்துவிடும்: “ப்ரீஆம்ப் இம்பீடன்ஸும் பவர் ஆம்ப் இம்பீடன்ஸும் ஒண்ணா இருக்கணும்ண்ணே, இல்லாட்டி சவுண்டு செத்துரும்.” இதை நம்பி நல்ல ப்ரீஆம்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ‘ஜோடி’ தேடி ரிங்கிட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. இது பாதித் தப்புகூட இல்லை, தலைகீழ்த் தப்பு.

ப்ரீஆம்பின் வெளியீடு 1,000 ஓம், பவர் ஆம்பின் உள்ளீடும் 1,000 ஓம் என்றால் வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து 6 டெசிபல் அங்கேயே போய்விடும். உள்ளீடு 10,000 ஓம் ஆனால் இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு. ப்ரீஆம்ப் அனுப்ப வேண்டியது வோல்ட், வாட்ஸ் அல்ல. வாங்குகிற பக்கம் குறைந்தது பத்து மடங்கு பெரிதாக இருக்கட்டும்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தீமிதிக்கு மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய காலத்து வால்வு ஆம்பைத் திருப்பினால் 4, 8, 16 ஓம் என்று முனைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில் மாட்டாவிட்டால் வால்வுக்குக் கேடு. அந்த எச்சரிக்கை அங்கே நியாயம். மைல்கணக்கில் ஓடிய தொலைபேசிக் கம்பிக்கு 600 ஓம் பொருத்தியதும் நியாயமே. கம்பி அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு நீண்டால்தான் பொருத்தம் தேவை; 20,000 ஹெர்ட்ஸ் ஒலிச் சமிக்ஞையின் அலைநீளமோ கேபிளில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஈப்போவில் ப்ரீஆம்பும் சுங்கை சிப்புட்டில் பவர் ஆம்பும் வைத்திருப்பவர் பொருத்தத்தைப் பற்றிக் கவலைப்படலாம். ஒரு மீட்டர் கம்பிக்காரருக்கு அது எதற்கு? (கூரையிலுள்ள ஆஸ்ட்ரோ தட்டின் கேபிளுக்கு 75 ஓம் பொருத்தம் கட்டாயம், அதில் ஓடும் அலையின் நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு.)

உண்மையான வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. சில வால்வு ப்ரீஆம்ப்களின் வெளியீட்டில் 0.22 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர்தான் இருக்கும். 1,000 ஓம் வெளியீடு உள்ள அப்படி ஒன்றை 10,000 ஓம் பவர் ஆம்பில் செருகினால் சுமார் 65 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்துவிடும். உறுமி மேளத்தின் அடி ஒல்லியாகிவிடும். அதே ப்ரீஆம்பை 47,000 ஓமுக்குக் கொடுத்தால் அந்தச் சரிவு 15 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டிலிருந்தே நேராக வெளியீடு எடுக்கும் ப்ரீஆம்பின் நிலை இன்னும் மோசம்: வெளியீடு ஏறக்குறைய 40,000 ஓம் என்பதால், 10,000 ஓமில் மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வோல்ட்தான் மிஞ்சும். இந்த இடங்களில் கடைக்காரர் எச்சரிக்க வேண்டியது ‘உள்ளீடு சிறிது’ என்று. அவரோ ‘ஒண்ணா இருக்கணும்’ என்கிறார்!

“மாத்திப் பார்த்தேன், வித்தியாசம் தெரியுதே” என்பார்கள். தெரியாமல் என்ன? இம்பீடன்ஸ் மாறினால் சத்தத்தின் அளவும் மாறும். கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது ‘நல்ல சவுண்டு’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டு ஜோடிக்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பழைய ப்ரீஆம்பை விற்பதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.