பியர் கடலோடு போன பிறகா நூதனசாலை?

மன்னாருக்கு வருகிறவர்கள் பள்ளிமுனையில் பெருக்க மரத்தடியில் நின்று படம் எடுக்கிறார்கள், கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள், தலைமன்னாரில் இராமர் அணை மணல்திட்டு எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறார்கள். வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடக்கிற பழைய பியரை, அந்தக் கப்பல் இறங்குதுறையை, யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் உட்காரவைத்து விளக்கிச் சொல்ல எங்களிடம் ஓர் இடம் இல்லை.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டைவரை வந்துவிடலாம். அதற்கு முன்பு இந்தியாவிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் தோணியில் இந்தக் கரையோரம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குப் புதைகுழி அடையாளம்கூடக் கிடையாது. பியர் வந்த பிறகு அந்த நடை மிச்சமானது. இந்தியக் கரையில் மண்டபம் என்ற ஊரின் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்துவிட்டுக் கப்பலேற்றினார்கள், இங்கே இறக்கி ரயிலேற்றினார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்தன. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. தாத்தா பாட்டி வந்திறங்கிய அதே பியரில், இந்த மண்ணிலேயே பிறந்த பேரப்பிள்ளைகளை ‘இராமானுஜம்’ கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு சனத்தின் வருகையும் வெளியேற்றமும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. இதைவிட வேறென்ன காரணம் வேண்டும் அந்த இடத்தைக் காப்பாற்ற? 1980களில் போர் கப்பலை நிறுத்தியது, பிறகு ரயிலையும் நிறுத்தியது. 2015 மார்ச்சில் ரயில் திரும்பி வந்துவிட்டது. புதுத் தண்டவாளத்துக்கு வந்த அக்கறை பழைய பியருக்கு வரவில்லை.

பியரைக் காப்பாற்றி நூதனசாலையாக்கக் கேட்டுப்போனால் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டுகிறது. காணி யாருடையது, கரை யாருடையது, இரும்பு யாருடையது என்பதிலேயே கடிதங்கள் முடிந்துவிடுகின்றன. உப்புக்காற்று பதில் வரும்வரை காத்திருக்காது. அரிப்பு என்ற ஊரில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய டொரிக் மாளிகை, எங்கள் வாயில் அல்லிராணி கோட்டை, துண்டு துண்டாகக் கடலுக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இருநூறு வருசக் கட்டடத்துக்கே அந்தக் கதி.

கண்டி ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 இல் நூதனசாலையானது. கம்பளைக்குப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு பழைய லயமே அவர்களின் நூதனசாலையாகி நிற்கிறது. லயக் காம்பிராவுக்கு முடிந்தது பியருக்கு ஏன் முடியாது? கடலுக்குள் புதுப் பாலம் போடச் சொல்லவில்லை. மிச்சமிருக்கிற தூண்கள் மேலும் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு மண்டபம் கொடுங்கள். பியரில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகளும், தலைமன்னார் மீனவர்களும், மலையகத்துச் சனமும் சேர்ந்து அதை நடத்தட்டும்.

2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்தார்கள். பியருக்கு ஒரு கதவு திறக்கும் என்று அப்போது மனதார நம்பினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் கப்பலேறியவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் வாயால் சொல்லக் கேட்க இனி எத்தனை வருசம் இருக்கிறது?

கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஹட்டனிலோ இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டுத் தகரப் பெட்டிக்குள் அந்தக் கப்பல் டிக்கெட்டோ, குடும்பமாக எடுத்த கடவுச்சீட்டுப் படமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரும் தோட்டமும் ஆண்டும் எழுதி வையுங்கள். மண்டபம் கிடைக்கும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.