கேஜிஎஃப்: பங்களாக்கள் மட்டும்தான் பாரம்பரியமா?

கேஜிஎஃப்-னு சொன்னதும் யாஷ் நடித்த படம்தான் ஞாபகத்துக்கு வருதா? நிஜ கோலார் தங்கவயல் பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஒரு காலத்தில் வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்த ஊர். இன்று அந்த ஊர்க்காரர்கள் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அந்தப் பழைய சுரங்க நகரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஏன் இப்போது?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நிலம் இன்னும் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் (பிஜிஎம்எல்) பெயரில்தான் இருக்கிறது. 2024 ஜூனில், சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழிற்பூங்கா யோசனையும் பேச்சில் இருக்கிறது. வேலை வந்தால் நல்லதுதான். ஆனால் வரைபடம் போடும்போது பழைய ஊரை யார் கணக்கில் எடுப்பார்கள்?

அப்படி என்ன இருக்கு அங்கே?

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகு, சுரங்கத்துக்காகவே உருவான ஊர் இது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதாவது, பெங்களூரு நகருக்கு முன்பே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது. அந்தச் சுரங்கத்தில்தான் 1965-ல் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள்.

ஊரின் அமைப்பே ஒரு வரலாறு. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகள். அவர்களில் பெரும்பாலோர் தலித் தமிழர்கள். அயோத்திதாசரின் தமிழ் பௌத்த இயக்கம் வேர்விட்ட இடங்களில் மாரிக்குப்பமும் ஒன்று.

சட்டத்தில் வழி இருக்கா?

இருக்கு. கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டத்தின் (1961) கீழ், மாஸ்டர் பிளானிலேயே பாரம்பரியக் கட்டடங்களையும் பாரம்பரியப் பகுதிகளையும் குறிக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கட்டடத்தை மட்டும் குறித்தால் ஒரு பங்களா பிழைக்கும், சுற்றியுள்ள தெரு போய்விடும். பகுதியாகக் குறித்தால் தெரு, லைன் வீடு, ஷாஃப்ட் கோபுரம் எல்லாம் சேர்ந்து நிற்கும்.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள்?

ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊர் முழுவதையும் 2015-ல் தேசிய பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். சுரங்க வேலை அங்கே நிற்கவில்லை. இந்தோனேசியாவின் ஓம்பிலின் நிலக்கரிச் சுரங்கம் 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுரங்க நகரமும் ரயில் பாதையும் துறைமுகச் சேமிப்பு வசதியும் அதில் அடக்கம்.

சிக்கல் எங்கே?

இரண்டு இடத்தில். ஒன்று, கழிவு மேடுகள். சினிமாக்காரர்களுக்கு அவை அழகான லொகேஷன். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ, காற்றடித்தால் வீட்டுக்குள் வரும் தூசி. அடையாளம் என்று சொல்லி எல்லாவற்றையும் அப்படியே விட முடியாது. ஒன்றிரண்டை மூடிப் பசுமையாக்கி நினைவாக வைக்கலாம், மற்றதை அகற்றலாம். ஊர்க்காரர்களைக் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு இது.

இரண்டாவது, வீட்டு உரிமை. லைன்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் பட்டா கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நாளைக்கு காலி செய்யச் சொன்னாலும் சொல்வார்கள் என்ற பயத்தில் இருப்பவர், ஓடு மாற்றவே யோசிப்பார். இந்த நிலையில் ‘பழைமை மாறாமல் பராமரியுங்கள்’ என்று விதி போட்டால், அது அவர்களுக்கு இன்னொரு சுமை.

அதனால் வரிசை முக்கியம். முதலில் வீட்டு உரிமை. அடுத்து, லைன்களையும் உள்ளடக்கிய பாரம்பரிய எல்லை. அதன் பிறகு ஏலமும் தொழிற்பூங்காவும். வரிசை மாறினால் கிளப்பும் நாலு பங்களாவும் ஹோட்டலாக மிஞ்சும். தங்கத்தை வெட்டி எடுத்தவர்கள் வாழ்ந்த தெரு மிஞ்சாது.