தீயணைப்பு உத்தியோகமும் தகுதிக் கூச்சலும்

தீப்பிடித்த வீட்டுக்குள் அகப்பட்டுக் கொண்ட ஒருவன், தன்னைத் தூக்கிப்போக வந்தவனைப் பார்த்து, "ஐயா, தாங்கள் எழுத்துப் பரீட்சையில் எத்தனை மார்க்கு வாங்கினீர்கள்?" என்று கேட்பானா? கேட்கமாட்டான். ஆனால் அமெரிக்காவில் நியூயார்க் நகர நிர்வாகம் வெகுகாலம் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தது. 1999இல் நடத்திய பரீட்சையில் 84.705 மார்க்குக்கு ஒரு துளி குறைந்தவனுக்கும் தீயணைக்கும் யோக்கியதை கிடையாது என்று கதவைச் சாத்திற்று.

84.705 என்பதை அச்சுப்பிழை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். கோர்ட்டு ரிக்கார்டிலேயே உள்ள கணக்குத்தான் அது. புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த மூன்று எண்களும் எந்த மாடியில் ஏறும், எந்தக் குழாயைப் பிடிக்கும், எந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து 2002இல் நடந்த பரீட்சைக்கு 70 மார்க்கு போதும் என்றார்கள். மூன்று வருஷத்துக்குள் நியூயார்க்கின் நெருப்பு அவ்வளவு சாதுவாகிவிட்டதா என்று கேட்கிறோம்.

பலன் என்னவென்றால், 2007இல் அந்த நகரத்தில் தீயணைப்பு வீரர்கள் 8,998 பேர். அதில் கறுப்பர்கள் 303 பேர். ஹிஸ்பானியர் என்று சொல்லப்படும் ஸ்பானிய வழியினர் 605 பேர். நகரத்து ஜனத்தொகையிலோ இந்த இரண்டு சமூகத்தாரும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வீதம் இருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளையர்களுக்கு. அதிலும் அப்பன், சித்தப்பன், அண்ணன் என்று தலைமுறை தலைமுறையாக அதே வேலையில் இருந்துவரும் குடும்பங்கள் அந்த இலாக்காவில் பேர்போனவை. எப்போது விண்ணப்பம் போடுவது, பரீட்சைக்கு என்ன படிப்பது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது. நம் நாட்டில் அக்கிரகாரத்துப் பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகத்தின் வழி தெரிந்திருந்த மாதிரிதான்.

இந்த அக்கிரமம் கண்டுபிடிக்கப்பட்டது இப்போதல்ல. கறுப்பின வீரர்கள் 1940லேயே 'வல்கன் சங்கம்' என்று ஒரு சங்கம் கூட்டிக் கொண்டார்கள். அந்தச் சங்கம் போட்ட வழக்கில் 1973இல் ஜட்ஜ் எட்வர்ட் வைன்ஃபெல்ட், பரீட்சை பாரபட்சமானது என்று தீர்ப்புச் சொல்லி, மூன்று வெள்ளையருக்கு ஒரு சிறுபான்மையர் வீதம் வேலைக்கு எடுக்கும்படி உத்தரவு போட்டார். உத்தரவின் காலம் தீர்ந்தது. இலாக்கா பழையபடி பரீட்சைப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டது. 2007இல் மத்திய சர்க்காரின் நீதி இலாக்காவே நகரத்தின் மேல் வழக்குத் தொடர, வல்கன் சங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. 2009இல் ஜட்ஜ் நிக்கோலஸ் கராஃபிஸ், இந்த இரண்டு பரீட்சைகளும் செய்யப்போகிற வேலைக்குச் சம்பந்தப்பட்டவை என்று நகரத்தார் ருஜுப்பிக்கவில்லை என்று தீர்த்தார். 2014இல் சுமார் 9 கோடியே 80 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு நகரம் ராஜியாயிற்று. இதற்கு நடுவே 2012இல் கோர்ட்டு மேற்பார்வையில் புதுப் பரீட்சை ஒன்று நடந்தது. முன்னைவிட அதிகமான கறுப்பரும் ஹிஸ்பானியரும் தேறினார்கள். அதனால் நியூயார்க் எரிந்து சாம்பலாகிவிடவில்லை.

பெண்கள் விஷயமும் இதே கதைதான். 1977இல்தான் பெண்களும் விண்ணப்பம் போடலாம் என்றார்கள். உடனே தேகபலப் பரீட்சையை வெகு கடுமையாக்கினார்கள். ஒரு பெண்கூடத் தேறவில்லை. அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெண்டா பெர்க்மன் என்ற பெண் வழக்குப் போட்டார். அந்தப் பரீட்சை வேலைக்குத் தேவையானதைச் சோதிக்கவில்லை என்று 1982இல் தீர்ப்பாகி, சுமார் நாற்பது பெண்கள் உள்ளே வந்தார்கள். கதவைத் திறப்பதுபோல் திறந்து, வாசற்படியை ஆளுயரம் உயர்த்திவிடுகிற இந்த வித்தை உலகமெங்கும் ஒன்றுபோலவே இருப்பதுதான் ஆச்சரியம்!

நிற்க, எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுவதுதான் நாணயம். நியூ ஹேவன் என்ற ஊரில் 2003இல் தீயணைப்பு இலாக்கா மேல் உத்தியோகங்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 118 பேர் எழுதினார்கள். அப்போது காலியாயிருந்த இடங்களில் ஒன்றுகூடக் கறுப்பருக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும், வழக்கு வருமே என்று பயந்து நகரத்தார் பரீட்சையையே தள்ளிவிட்டார்கள். தேறின வெள்ளையர்களும் ஒரு ஹிஸ்பானியரும் வழக்காடி, 2009இல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஜெயித்தார்கள். வழக்காடினவர்களில் முதல்வர் எழுத்தைப் படிப்பதிலேயே பிறவிச் சிரமம் உள்ளவர். புத்தகங்களைப் பிறரைக்கொண்டு ஒலிநாடாவில் படிக்கச் செய்து, கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியவர். அப்படி உழைத்தவரிடம், உழைத்து முடித்த பிறகு, "உன் பரீட்சை செல்லாது" என்றால் வயிறெரியாதா? எரியத்தான் செய்யும். அவர் உழைப்பைப் பழிக்க நாம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பரீட்சையில் எழுத்துக்கு நூற்றுக்கு 60, வாய்மொழிக்கு 40 என்று பங்கு வைத்தவர் யார்? தீயணைப்பு சாஸ்திரம் கற்ற நிபுணர்களா? இல்லை. நகரத்தாரும் தொழிற்சங்கத்தாரும் செய்துகொண்ட பழைய ஒப்பந்தம். எரிகிற கட்டடத்தின் முன்னால் பத்துப் பேரை நடத்திச் செல்லுகிறவனுக்கு நிதானம் வேண்டும், குரல் வேண்டும், ஆளை அறிகிற புத்தி வேண்டும். இவை காகிதத்தில் கோடு போடுவதிலா தெரியும்? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஜட்ஜ் ரூத் கின்ஸ்பர்க் அம்மையார் இன்னொரு கணக்கையும் எடுத்துக்காட்டினார். 1970களின் ஆரம்பத்தில் அந்த ஊர் ஜனங்களில் நூற்றுக்கு 30 பேர் கறுப்பரும் ஹிஸ்பானியரும். தீயணைப்பு வீரர் 502 பேரில் அவர்கள் நூற்றுக்கு 3.6 தான். அந்த நாளில் தகுதி எங்கே போயிருந்தது? இங்கேயும் வகுப்புவாரி உத்தரவு 1951இல் சுப்ரீம் கோர்ட்டில் விழுந்தபோது, அதற்கு முந்தின நூறு வருஷத்துக் கணக்கைத் திறந்து பார்க்க ஆளில்லை அல்லவா?

இனி ஆம்புலன்ஸ் ஊழியர்கள். நியூயார்க்கில் அவசர வைத்திய ஊழியரை 1996இல் தீயணைப்பு இலாக்காவோடு சேர்த்தார்கள். ஒரே இலாக்கா, ஒரே முத்திரை. வருகிற அழைப்புகளிலோ நெருப்புக்கு வருவதைவிட மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் வருவதுதான் மிக அதிகம். 2020இல் கொரோனா நோய் அந்த நகரத்தைக் கவ்வியபோது வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தூக்கி வந்தவர்களும் இவர்கள்தான். ஆனால் சம்பளத்தில் தீயணைப்பு வீரன் சில வருஷத்தில் எங்கோ உயரே போய்விடுகிறான். ஆம்புலன்ஸ்காரர் கீழேயே நிற்கிறார். கீழே நிற்கிறவர்களில் பெண்களும் கறுப்பரும் மற்ற சிறுபான்மையரும் நிறைந்திருக்கிறார்கள் என்பதையும், மேலே இருப்பவர்களில் வெள்ளை ஆண்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பதையும் வெறும் தற்செயல் என்று நம்பச் சொல்லுகிறார்கள். உத்தியோகத்தில் பாரபட்சத்தை விசாரிக்கும் மத்திய கமிஷன் 2021இல் அப்படி நம்பவில்லை. 2022இல் அவர்கள் சங்கங்கள் நகரத்தின் மேல் வழக்குத் தொடுத்தன.

இவ்வளவுக்கும் ஆதாரமான சட்டக் கொள்கை ஒன்று உண்டு. ஒரு பரீட்சை ஒரு சமூகத்தாரைக் கூட்டமாகக் கழித்துத் தள்ளுமானால், கெட்ட எண்ணம் இருந்ததா என்று வாதி நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பரீட்சை வேலைக்கு அவசியம் என்று வேலை கொடுக்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். 1964ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்துக்கு 1971இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அர்த்தம் இது. எவன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று யாரால் திறந்து காட்டமுடியும்? ஆகையால்தான் இந்தக் கொள்கை ஏழைக்குக் கையில் கிடைத்த ஒரே தடி.

அந்தத் தடியைத்தான் 2025இல் அமெரிக்க சர்க்கார் கீழே போட்டது. வட கரோலினா மாகாணத்து டர்ஹாம் நகரத் தீயணைப்பு இலாக்காவின் எழுத்துப் பரீட்சை கறுப்பரைக் கழித்துவிடுகிறது என்று 2024இல் நீதி இலாக்கா வழக்குப் போட்டது. நகரமும் ராஜிக்கு இணங்கியிருந்தது. ஆட்சி மாறியது. 2025 பிப்ரவரியில் அதே நீதி இலாக்கா அந்த வழக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஏப்ரலில், இந்தக் கொள்கையைக் கொண்டு சர்க்கார் இலாக்காக்கள் இனி வழக்காடுவதைக் கூடியமட்டும் விட்டுவிட வேண்டும் என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். உத்தரவின் தலைப்பிலேயே 'தகுதி' இருக்கிறது! 1971இல் அந்தக் கொள்கை பிறந்த வழக்கும் அதே வட கரோலினாவில், ஒரு மின்சாரக் கம்பெனியில் கூலிவேலை செய்த கறுப்பர்கள் போட்டதுதான்.